லாரியில் ஏறியது யார்?

டொரொண்டோவில் எனக்கு வாய்த்த முதல் நேர்காணல் 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு பதிலும் "நாங்கள்" என்றே தொடங்கியது. சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் 6 ஆண்டு வேலை பார்த்தவள் நான். "நான் செய்தேன்" என்றால் நம் ஊரில் தற்பெருமை. எதிரில் இருந்தவர்களோ, இவள் என்னதான் செய்தாள் என்று கடைசிவரை தேடினார்கள்.

விண்ணப்பத்தை முன்பே திருத்தியிருந்தேன். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண விவரம் எதையும் கனடாவில் எழுதுவதில்லை. தாளில் மாற்றியது நாக்குக்கு வரவில்லை.

அடுத்த அழைப்பு வந்தபோது ஆடித் திருவிழாவுக்காகச் சேலம் வந்திருந்தேன். டொரொண்டோவில் காலை 10 மணி என்றால் அந்த மாதத்தில் இங்கே இரவு 7.30. அந்நேரம் சேலத்தின் குகை என்னும் பகுதி முழுக்க ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. காணொளி நேர்காணலுக்கு ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மா வீடுதான் சரி என்று முடிவானது. அப்பாவும் கூட வந்தார்.

பஸ் அடிவாரத்தைத் தாண்டியதும் ஆரம்பித்தார். இரும்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. வளைவுக்கு ஒரு கேள்வி; அடுத்த வளைவுக்குள் பதிலை முடிக்க வேண்டும். நாலாவது வளைவில் கையைக் காட்டி நிறுத்தினார். "மறுபடியும் நாங்கள் என்கிறாய். லாரியில் ஏறியது யார், கண்ணு?"

நான்தான். குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மாவுச்சத்துப் பாயிண்ட் (கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்ற அளவு) பார்த்துத்தான் விலை. மேலே கிடக்கும் கிழங்கை மட்டும் சோதித்தால் பாயிண்ட் முன்னே பின்னே ஆகும். விவசாயி வயிறெரிந்து நிற்பார். சரக்கு இறங்க இறங்க மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுக்கலாம் என்று சொன்னதும் நான், சேறு அப்பிய கிழங்கை ஏறி எடுத்ததும் நான். அந்தப் பருவத்தில் எடைமேடையில் தகராறு குறைந்தது. நிலைமை, என் பொறுப்பு, நான் செய்தது, அதனால் விளைந்தது ஆகிய நாலும் இரண்டு நிமிடத்தில் அடங்கும்வரை அப்பா விடவில்லை.

அன்றிரவு பெரியம்மா குக்கர்கூட வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். லாரிக் கதையைச் சொன்னதும், உணவு ஆலையின் தர மேலாளர் திரையை நோக்கிக் குனிந்து, "அடியில் இருந்ததற்கும் மேலே இருந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்றார். என் பதிலுக்கு மேல் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை.

கடைசியில், நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். முன்பு "இல்லை" என்று சொல்லி எழுந்தவள், இம்முறை எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துக் கேட்டேன்: "உங்கள் ஆலையில் மாதிரி எடுப்பது யார்?"

அவர் பத்து நிமிடம் பேசினார். செப்டம்பரில் அந்த வேலையில் சேர்ந்தேன்.