வாலாங்குளத்து சூப்பு

டாக்டர் சொன்னாருன்னு கோவை வாலாங்குளத்துக் கரையில நடக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சுங்க. எடை அரைக்கிலோ குறைஞ்சிருக்கு. சூப்புக்கு ஆயிரத்துக்கு மேல போயிருக்கு.

தள்ளுவண்டிக்கார அக்கா என்னைப் பார்த்ததுமே போசியைத் திறந்துருவாங்க. "ஏனுங் தம்பி, இன்னைக்கு முடவாட்டுக்கிழங்கா, வாழைத்தண்டா?" மிளகு வாசம் முகத்துல அடிக்கும். டம்ளர் 20 ரூபாய். சாதா நாள்ல 60 டம்ளர் ஓடுமாம், ஞாயித்துக்கிழமை போசியே பத்தாதாம். "முன்னெல்லாம் இந்த வழியா மூக்கைப் பொத்திட்டுப் போவாங்க. யாருங்க நின்னு குடிப்பா?"

நெசந்தான். 2016-ல ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல கோவை வந்தப்புறம் குளக்கரைக்குச் செலவு பண்ணினாங்க. அந்தக் கல்லுப் பாதையை நம்பித்தான் இப்ப காளான் கடை, கரும்புச்சாறு, பலூன்காரர் எல்லாம். (ஆகாயத்தாமரை மண்டுற நாள்ல பழைய வாசமும் வருது, அது வேற கதை.)

இதே மாதிரிதான் நியூயார்க்குல, ஓடாத கூட்ஸ் ரயில் பாலத்தை 2009-ல நடைபாதையாத் திறந்தாங்க, ஹை லைன்னு பேரு. மொத்தமே 2.3 கிலோமீட்டர்தான். சுத்தியிருந்த கட்டடம் எல்லாம் எக்கச்சக்க விலைக்குப் போச்சு. வாடகை கட்டமுடியாம பழைய சின்னக் கடைக்காரங்க சிலர் காலி பண்ணிட்டும் போனாங்க.

இங்கயும் புரோக்கர்கள் "லேக் வியூ"ன்னு ஆரம்பிச்சாச்சு. எங்க வீட்டு ஓனர் வாடகையில ஆயிரம் ஏத்திட்டார். மொட்டை மாடியில எக்கிப் பார்த்தா குளம் தெரியுதாம்.

நேத்து அக்காவைக் காணோம். தேடினா அந்தக் கோடியில நிக்கறாங்க. "இங்க நிறுத்தாதேன்னுட்டாங்க தம்பி. நாளைக்கு எங்கன்னு தெரியலீங். போன் பண்ணிட்டு வாங்க."