மலையிறங்கும் பிரசவப் பை

ஜூன் 4, 34-ஆவது வாரம்

கேரள மலை எஸ்டேட்டிலிருந்து தமிழ்நாட்டுக் கம்பம் ஊருக்கு இறங்கிப் பிரசவம் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஜூலை 16-க்குப் பிரசவத் தேதி குறித்துக் கொடுத்திருந்தால் துணி துவைப்பதை இன்றே தொடங்க வேண்டும். வண்டிப்பெரியாறு, குமுளிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் லயத்து (எஸ்டேட் வரிசை வீடு) வீட்டுக்குள் கட்டிய கொடியில் ஒரு துணி காய மூன்று நாளாகும். அடுப்புக்கு மேல் போட்டால் காயும், ஆனால் புகை நாற்றம் ஏறிவிடும்.

பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் 12 துணி வரும். அது போதாது, இன்னொன்றையும் கிழியுங்கள். கஞ்சி, நீலம் எதுவும் வேண்டாம். துவைத்து, வெயில் கண்ட அன்று உலர்த்தி, சூடாக இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். புதுத் துணி ஈரத்தை இழுக்காது, பழசுதான் நல்லது.

மோதிரம், மெட்டியை இந்த வாரமே கழற்றிவிடலாம். கடைசி மாதத்தில் விரல் வீங்கினால் சோப்புப் போட்டாலும் வராது.

ஜூன் 11

இன்று காகிதம். தாய் சேய் நலப் புத்தகம், ஸ்கேன், ரத்த வகை, ஹெச்.பி. (ஹீமோகுளோபின்) ரிப்போர்ட், இருவர் ஆதார், வங்கிப் பாஸ்புக். எல்லாவற்றுக்கும் 3 நகல்.

கேரளத்தில் பதிவு செய்து கம்பத்தில் பிரசவம் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண்) கேட்பார்கள். பிரசவத்துக்கு முன்பே ஒரு தடவை இறங்கி வந்து, கையில் இருக்கும் கார்டைக் காட்டி, எண் வாங்கி வைப்பது நல்லது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், வீடு எந்த மாநிலத்தில் இருந்தாலும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரைப் பிறகு சேர்க்கலாம்.

இந்தக் காகித உறை பைக்குள் போகக் கூடாது. கம்பத்தில் முடியாது என்று க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகிவிடும். கூட வருபவரின் தோளில் தொங்கட்டும்.

ஜூன் 18, 36-ஆவது வாரம்

பை கட்டும் நாள். வலி எடுத்த பிறகு அதைத் திறக்கப்போவது தாய் அல்ல, அவளுடைய அம்மாவோ மாமியாரோ. கதவைப் பாதி திறந்து நர்ஸ் “துணி குடுங்கம்மா” என்று கை நீட்டும்போது, பை முழுக்கக் கவிழ்த்துத் தேடினால் கை நடுங்கும். அதனால் மூன்று கவர்.

முதல் கவர் பிரசவ அறைக்கு: முன்பக்கம் திறக்கிற நைட்டி 1, குழந்தையை வாங்க 2 துணி, போர்த்த 1, தொப்பி, பெரிய பேட் 2, உள்ளாடை 1. வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாவது தாய்க்கு. நைட்டி 3, மிகப் பெரிய அளவு பேட் 2 பாக்கெட், ஒரு சுற்றுப் பெரிய உள்ளாடை 5. பாவாடை வேண்டாம். சிசேரியன் என்றால் நாடா சரியாகத் தையல் மேல் உட்காரும். நனைந்துவிட்டால் முடிச்சும் அவிழாது. பேடை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்று நனைந்தால் மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது குழந்தைக்கு: மீதித் துணி எல்லாம். முதல் இரண்டு நாள் மலம் கறுப்பாக, தார் மாதிரிப் போகும். சோப்புக்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் அலசினால்தான் கறை விடும்.

பக்கத்துப் பையில் ஒரு லிட்டர் பிளாஸ்க், டம்ளர், ஸ்பூன், சார்ஜர், செருப்பு. படுத்தபடி குடிக்க ஸ்ட்ரா இருந்தால் சௌகரியம்.

ஜூன் 20

பையிலிருந்து எடுக்க வேண்டியவை: பால் புட்டி, தேன், சர்க்கரைத் தண்ணீருக்கான பாலாடை, மை, பவுடர். சேனை வைக்கும் (பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவும்) ஆசை அப்பத்தாக்களுக்கு விடாது; சீம்பால் இருக்கும்போது அது எதற்கு? தேன் ஒரு வயது வரை ஆகாது. தொப்புள் கொடியில் பவுடரோ எண்ணெயோ படக் கூடாது, துணியையும் அதற்குக் கீழேயே மடித்துக் கட்ட வேண்டும். வளைகாப்பின் கண்ணாடி வளையலையும் கழற்றிவிடுங்கள்; டிரிப் ஏற்றும் கையில் உடைந்தால் வம்பு.

ஜூன் 25

இரண்டு ஜீப்காரர்களின் நம்பர், பை மேலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும். எல்லையில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ 108 அந்த மாநிலத்துக்குப் போகும். எடுத்தவுடன் ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் சொல்ல வேண்டும்.

முதல் பிரசவத்துக்கு வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரட்டும் என்பது சமவெளிக் கணக்கு. குமுளி வளைவுகள் இறங்க வேண்டியவர்கள் வலி சீரானதுமே கிளம்பணும். இரண்டாவது பிரசவம் என்றால் இன்னும் முன்னால். பனிக்குடம் உடைந்தால் வலிக்குக் காத்திருக்கக் கூடாது. பேட் வைத்து, மணியைக் குறித்து, நிறம் பார்த்துக் கிளம்புங்கள். பச்சையாக இருந்தால் அதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 2, 38-ஆவது வாரம்

முடிந்தவர்கள் இன்றைக்கே மலையடிவாரத்துக் கூடலூரிலோ கம்பத்திலோ சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிவிடலாம்.

மறந்துபோவது திரும்பும் துணி. கம்பத்து வெக்கையில் ஒற்றைத் துணியோடு தூங்கும் பிள்ளை, மலை ஏறியதும் குளிரில் இருக்கும். தொப்பி, சாக்ஸ், கம்பளித் துண்டு தனிக் கவரில், பையின் அடியில். நமக்கு எத்தனை உடுப்போ அதைவிட ஒன்று கூட.