தெருவுக்குத் தெரிந்த ஏட்டையா

ஸ்டேஷன் படியேற வேண்டும் என்றாலே, தெரிந்த கட்சிக்காரர் யாராவது கூட வருவாரா என்று பார்க்கிற ஊர் நம்முடையது. செயின் பறிப்பு, அடிதடி என்றால் சரி, போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்துக் காலி மனையில் ராத்திரியானால் பையன்கள் கூடிக் குடிக்கிறார்கள், இதை யாரிடம் சொல்வது? 100-க்கு அடித்தால் ரோந்து வண்டி வரும், விரட்டும், போய்விடும். மறுநாள் அதே பையன்கள், போன் பண்ணியது யார் என்ற விசாரணையோடு.

எங்கள் பக்கம் முன்பு இருந்த ஏட்டையா, அடகுக்கடைக் கிரில்லில் தொங்கும், ரோந்து வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்து வாங்கும் பட்டா புக்கில் கையெழுத்து போட்டதோடு நிற்க மாட்டார். டீக்கடையில் கொஞ்ச நேரம் நிற்பார், ஊருக்குப் போகிறவர்கள் வீடு பூட்டியிருக்கும் என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க பையன்தான், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றார். கேஸ் இல்லை, அடி இல்லை, கூட்டம் கலைந்தது.

இது புதுசும் இல்லை. 1999 வாக்கில் திருச்சி கமிஷனராக வந்த ஜே.கே. திரிபாதி (பின்னாளில் டிஜிபி ஆனவர்) ஊரைப் பீட்களாக (ஒரு போலீஸ்காரர் பொறுப்பில் சுற்றிவரும் சிறு பகுதிகளாக) பிரித்து ஆள் போட்டார், பெயர் எழுதாமலே புகார் போடப் பெட்டிகள் வைத்தார். கேரளத்தில் 2008-ல் வந்த, போலீஸும் மக்களும் நெருங்கிப் பழகும் ஜனமைத்ரி திட்டத்தில் பீட் போலீஸ் வீடு வீடாகப் போய்ப் பழகுவதே ஒரு வேலை.

நம்மிடம் போலீஸுக்கு உதவும் தொண்டர் அமைப்பான ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸும் இருந்தது. 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார். ஆனால் போகப் போக வாகனச் சோதனையில் நின்று அதட்டுகிற தொண்டர்களைத்தான் நான் பார்த்தேன். 2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தபோது இந்தத் தொண்டர்கள் மீதும் புகார் எழ, ஜூலையில் அரசு தடை போட்டது. (அந்த வழக்கில் சிபிஐ குற்றம் சாட்டியது என்னவோ சம்பளம் வாங்குகிற போலீஸ்காரர்களைத்தான்.) தடையில் எனக்கு வருத்தமில்லை. மெமோ கொடுக்கவோ சஸ்பெண்ட் செய்யவோ முடியாத ஆளிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

அப்புறம் எங்கள் ஏட்டையாவை மாற்றிவிட்டார்கள். புதுசாக வந்தவர் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் பாதி நாள் பந்தோபஸ்தில் இருக்கிறார். மந்திரி வருகை, திருவிழா, மாநாடு என்று எங்கே ஆள் குறைந்தாலும் முதலில் இழுப்பது பீட்டில் இருப்பவரைத்தான். அதை நிறுத்தாமல் பீட்டுக்குப் புது பைக், புது ஆப் என்று அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.