சுருக்கக் குறிகளோடு மல்லுக்கட்டு

ஐஸ்லாந்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளை, கையெழுத்தை வாசிக்கும் மென்பொருளான டிரான்ஸ்கிரிபஸில் ஏற்றி, இயந்திரம் வாசித்ததைத் திருத்துவதுதான் இப்போது என் மாலை நேர வேலை.

எழுத்து வடிவங்கள் பெரிய தொல்லை இல்லை. சுருக்கக் குறிகள்தான் படுத்துகின்றன. கன்றுத்தோலில் இடத்தை மிச்சப்படுத்த எழுத்தர்கள் எல்லாவற்றையும் சுருக்கினார்கள். ஓர் எழுத்தின் மேல் கோடு இழுத்தால் அங்கே ஒரு 'எம்' (m) அல்லது 'என்' (n) ஒளிந்திருக்கலாம். 'மற்றும்' என்பதற்கு 7 போல ஒரு குறி. 'மனிதன்' என்பதற்குப் பழைய வட ஐரோப்பிய ரூன் எழுத்து ஒன்று.

இயந்திரத்துக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க நாம் தட்டச்சு செய்து தரும் பயிற்சிப் பிரதியில் இவற்றை அப்படியே விடுவதா, விரித்து எழுதுவதா? விரித்தால் தேடுவது சுலபம். ஆனால் பக்கத்தில் இல்லாததை ஊகிக்க இயந்திரம் பழகிவிடும். அப்படியே விட்டு, அப்புறம் தனியாக விரிப்பதே என் கட்சி. இரண்டையும் கலப்பதுதான் மகா மோசம்.

இயந்திரம் வாசித்ததில் எழுத்துப் பிழை 5% என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால், இருபது எழுத்துக்கு ஒன்று தப்பு. ஏறக்குறைய வரிக்கு வரி திருத்த வேண்டும்!

ஐஸ்லாந்து அறிஞர் ஆர்னி மேக்னுசன் திரட்டிய கையெழுத்துப் பிரதித் தொகுப்பு 1728 கோபன்ஹேகன் தீயில் ஒரு பகுதியை இழந்தது. தப்பியதில் பெரும்பங்கு 1971 முதல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. புகழெல்லாம் தோல் பிரதிகளுக்குத்தான். எனக்கோ காகிதப் பிரதிகள் மேல்தான் கண். அச்சு வந்து பல காலம் ஆன பின்னும், 19ஆம் நூற்றாண்டு முழுக்கப் பண்ணை வீடுகளில் சாகாக்களை, அதாவது ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளை, கையால் நகலெடுத்தார்கள். ஆளுக்கொரு கையெழுத்து. ஒருவர் கையெழுத்தில் பழகிய இயந்திரம் அடுத்தவர் கையெழுத்தில் தடுமாறும். அதனால் பலருடைய பக்கங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பயிற்சி கொடுத்துவருகிறேன்.