கதவைப் பற்றி ஒரு கடிதம்

என் தம்பி சிறைக்குச் சென்று மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. அவன் செய்தது என்ன, தீர்ப்பு சரிதானா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது அவன் வாய்திறந்து சொல்ல வேண்டிய கதை. உள்ளே இருக்கும் ஒருவரோடு உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில் நான் தெரிந்துகொண்டதையும், தெரியாமல் செய்த பிழைகளையும் மட்டும் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் நான் அனுப்பியவை ஆறுதல் கடிதங்கள். தைரியமாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள், காலம் ஓடிவிடும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதையும் அவற்றில் சேர்க்கவில்லை. நல்லதைச் சொன்னால் ஏங்குவான், கெட்டதைச் சொன்னால் கையைப் பிசைந்துகொண்டு கிடப்பான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அவனுடைய பதில்கள் ஒரு பக்கத்திலிருந்து அரைப் பக்கமாகி, கடைசியில் மூன்று வரிகளில் வந்து நின்றன. "நலமாக இருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள். சிரமப்பட்டு வர வேண்டாம்." அந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டு, அவனுக்கு என்மீது ஏதோ கோபம் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், எழுத வேறொன்றும் தோன்றாமல், பின்பக்கக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அந்தக் கதவின் சூட்சுமம் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான். பதில் நான்கு பக்கங்களுக்கு வந்தது. மேல் கீலைத் தொடாதே, கீழ்க் கீலின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி அதன் பின்னால் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகு, அவசரப்பட்டு மரத்தை இழைத்துவிடாதே, வெயில் வந்தால் தானாகச் சுருங்கும் என்று வரிசையாக எழுதி, கீழே கதவையும் தாழ்ப்பாளையும் படமாக வேறு வரைந்திருந்தான். அந்தக் கடிதம் வழக்கத்தைவிட ஒன்பது நாள் பிந்தி வந்தது. சிறையிலிருந்து ஒருவன் கதவையும் தாழ்ப்பாளையும் வரைந்து வெளியே அனுப்பினால், தணிக்கை செய்கிறவர் இரண்டு முறை பார்க்கத்தானே செய்வார்!

எழுவதும் உண்பதும் விளக்கணைப்பதும் பிறர் சொற்படி நடக்கும் இடத்தில், அவனிடம் வந்து யோசனை கேட்பார் யாருமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஆறுதல் கடிதங்களும் அவனை வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே உட்கார வைத்திருந்தன. அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். அம்மா மருந்து சாப்பிட அடம்பிடித்தால் என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பாய், இந்தக் கணக்கை உன் மருமகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்றெல்லாம் எழுதினேன். என் மகள் இப்போது தன் கணக்குகளைத் தானே ஒரு தாளில் எழுதி என் கடிதத்தோடு வைக்கிறாள். மாமா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று முதலில் அவளிடம் சொல்லியிருந்தோம். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்கே தனியாக உழைக்க வேண்டியிருந்தது. அவள் வயதுக்குப் புரியும் அளவில் உண்மையைச் சொன்ன பிறகு கேள்விகள் கூடின. ஒளிவுமறைவு இல்லாததால் பதில் சொல்வது எளிதாயிற்று.

சில நடைமுறைகள். கடிதத்தின் மூலையில் வரிசை எண் போடுங்கள். "17 வரவில்லை" என்று அவன் ஒருமுறை எழுதியதால்தான் ஒன்று காணாமற்போனது தெரிந்தது. கடிதத்தைப் படிக்கவும், தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்யவும் ஆள் உண்டு என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும். வழக்கு பற்றியவை வழக்கறிஞர் வழியாகவே போகட்டும். தொலைபேசியில் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு, சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்வேன். ராபன் தீவுச் சிறையின் தொடக்க ஆண்டுகளில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு கடிதம்தான், அதுவும் 500 சொற்களுக்குள் என்பதை நினைக்கும்போது, எங்கள் நிமிடங்கள் தாராளமாகவே தெரிகின்றன.

சிறைக்குப் போய் அவனை நேரில் பார்க்கும் நேர்காணலில், மனு பார்ப்பது என்று பலரும் சொல்வதில், நான் செய்த பிழை இன்னும் உறுத்துகிறது. ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, அலுவலகத்தில் வேலை சேர்ந்துகொண்டதால் போகாமல் இருந்துவிட்டேன். அடுத்த முறை சென்றபோது கண்ணாடிக்கு அப்பால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவன் அதைப் பற்றி எதுவுமே பேசவில்லை. விடைபெறும்போதுதான், "அன்றைக்கு முகம் மழித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா" என்றான். அடிக்கடி போவதைவிடச் சொன்ன நாளில் போவது முக்கியம் என்பது என் எண்ணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் அதையே சொல்லிவிடலாம்.

இன்னொரு முறை, அவனை வேறு சிறைக்கு மாற்றிய செய்தியே, நான் அனுப்பிய கடிதம் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போதுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-இல் ஏற்ற, மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் குறைந்தபட்ச விதிகளில் 68-ஆவது, இடமாற்றத்தையும் கடும் நோயையும் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கும் உரிமை கைதிக்கு உண்டு என்கிறது. 58-ஆவது விதி கடிதத்துக்கும் நேர்காணலுக்கும் இடமளிக்கிறது; ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத் தொடர்பை அடியோடு தடை செய்யக் கூடாது என்பது 43-ஆவது. இவை ஒவ்வொரு நாட்டிலும் அப்படியே சட்டமாகிவிடுவதில்லை. ஆனாலும் மனு எழுதும்போது விதியெண்ணைக் குறிப்பிட்டால் அந்தத் தாளுக்குச் சற்றுக் கனம் கூடுகிறது. எனக்குப் பதில் வந்தது.

2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பார்க்க ஆள் வந்தவர்கள் மீண்டும் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைந்திருந்ததாம். உறவினர் ஒருவர், "போய் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டபோது இந்தக் கணக்கைச் சொல்லி வாயடைத்தேன். அதற்காகவா போகிறேன் என்றால், இல்லை.

இந்த மழைக்கும் கதவு உப்பிவிட்டது. அடிமரம் உளுத்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் தச்சர். நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து 71-ஆம் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். தம்பியின் பதில் வரும்வரை தூக்கித்தான் சாத்துகிறோம்.