ஆச்சி

நேற்று ராத்திரி டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்'. ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா ஆச்சி வந்ததும் அம்மா கையில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே தட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாதஸ்வரம் பற்றி சிவாஜியிடம் ஒரு சந்தேகம் கேட்பாரே, அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, குழந்தை கேட்கிற மாதிரி கேட்பார். கொஞ்சம் பிசகினாலும் விரசமாகிவிடக்கூடிய பாத்திரம் அது. மனோரமா அதில் வெகுளித்தனத்தை மட்டும்தான் வைத்தார். 1968-ல் வந்த படம், இன்னும் புதுசாக இருக்கிறது.

மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தாதான் மனோரமா. அப்பா கைவிட்டதால், அம்மாவோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து, சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறியவர். 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம். அப்புறம் ஆயிரம் படங்களுக்கு மேல், கின்னஸ் சாதனை, 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ.

எனக்கு விருதுகளை விட அவர் பேச்சுதான் பெரிசு. சென்னைத் தமிழ், செட்டிநாட்டுத் தமிழ், கொங்குத் தமிழ் என எதைப் பேசினாலும் அந்த ஊர்க்காரராகவே தெரிவார். 'வா வாத்தியாரே வூட்டாண்ட' பாட்டைக் கேட்டால் அவரை மன்னார்குடிக்காரர் என்று யார் சொல்வார்? நாகேஷோடு ஈடுகொடுத்து நின்றவர், 'சின்ன கவுண்டர்' படத்தின் அம்மா வேடத்துக்காக எடுப்புப் பல் வைத்துக்கொள்ளவும் தயங்கவில்லை.

2015 அக்டோபரில் ஆச்சி போன அன்று, அம்மா எங்கள் வீட்டுப் பெரியவர் போனதைப் போல அழுதார். நேற்று சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.