முதல் வாரத்துக் கோப்பு

சர்ச்சைக்குரிய மாதா காட்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அது நேரே ரோமுக்குப் போய்விடும். போஸ்னியாவின் மெஜுகோரியே விஷயத்தை ஏன் நாற்பது வருடத்துக்கு மேல் இழுத்தார்கள், ஆம்ஸ்டர்டாமில் ஆயர் ஆம் என்றதை ரோம் ஏன் இல்லை என்றது என்று விவாதம் சூடு பிடிக்கும். இப்படிப்பட்ட சம்பவங்களை விசாரித்துக் கோப்பு கட்டுகிற பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இதில் வேறொன்று தெரியும். ரோமுக்குப் போய்ச்சேரும் காகிதத்தின் யோக்கியதை, சம்பவம் நடந்த முதல் ஏழெட்டு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் எழுதாமல் விட்டதைப் பிற்பாடு எந்த இறையியல் அறிஞராலும் எழுதிச் சேர்க்க முடியாது.

முதலில் யார் விசாரிப்பது என்பது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை, தொண்டியில் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று தீவுக்குள் போய், தெற்கே மூக்கையூர், ரோச்மாநகர் வரை, 1987-ல் மதுரையிலிருந்து பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகிறது. ஆகவே பொறுப்பு அந்த ஆயருடையது. ஆனால் கச்சத்தீவு அந்தோணியார் கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கு உரியது. திருவிழாவுக்குப் படகேறிப் போன ஒருவர் அங்கே எதையோ கண்டதாகச் சொன்னால், ஆள் ஓர் ஆயரின் கீழ், இடம் இன்னோர் ஆயரின் கீழ். இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு மறைமாவட்டங்களும் சேர்ந்து விசாரிக்க ரோம் வெளியிட்ட 2024 விதிமுறையில் வழி இருக்கிறது.

அந்த விதிமுறை 2024 மே 17-ல் வெளியாகி, மே 19, பெந்தகோஸ்து ஞாயிறன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன் 1978-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் காலத்தில் வந்த விதிகள். பழைய விதிகளின்படி ஆயர் மூன்றில் ஒன்றைச் சொல்லலாம்: இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று உறுதி, உறுதியாகவில்லை, அப்படி இல்லை என்று உறுதி. இப்போது ஆறு முடிவுகள். மேலே 'தடையில்லை', அடியில் 'இயற்கைக்கு அப்பாற்பட்டது அல்ல' என்ற அறிவிப்பு, நடுவே நான்கு படி. 'இது வானத்திலிருந்து வந்ததுதான்' என்று ஆயர் சொல்லும் வழி அடைபட்டுவிட்டது; பாப்பரசர் விதிவிலக்காக அனுமதித்தால் மட்டுமே அந்தப் பேச்சு. ஆயர் தம் கருத்தை எழுதி ரோமில் உள்ள விசுவாசக் கோட்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அது உறுதி செய்த பிறகே ஊருக்கு அறிவிப்பு.

குழுவில் குறைந்தது ஓர் இறையியலாளர், ஒரு திருச்சபைச் சட்ட அறிஞர், நிகழ்வின் தன்மைக்கு ஏற்ற ஒரு துறை வல்லுநர் இருக்க வேண்டும். ஒருங்கிணைக்க ஆயரின் பிரதிநிதி, எழுத ஒரு நோட்டரி. எல்லோருக்கும் சத்தியப் பிரமாணம் உண்டு. சம்பவத்தோடும் ஆட்களோடும் நேராகவோ சுற்றியோ தொடர்புள்ளவர் குழுவில் இருக்கக் கூடாது. சின்னக் கடற்கரை ஊரில் எல்லோரும் மாமன் மச்சான்தான், அதனால் உள்ளூர் ஆளைப் போடவே முடியாது. மூன்றாவது நாற்காலிக்கு வழக்கமாக மருத்துவரை உட்கார வைக்கிறார்கள். காட்சி கண்டவர் இருந்தால் சரி. சுரூபம், அதாவது கோயில் சிலை, அழுகிறது, எண்ணெய் வடிகிறது என்றால் இந்தக் கரையில் அந்த நாற்காலி சிமென்டும் உப்பும் தெரிந்த ஆளுக்குப் போக வேண்டும்.

வாக்குமூலத்துக்கு வருவோம். கோப்புகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆளுக்கு ஆள் தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாமல் கேட்க வேண்டும். ஆட்கள் எப்போது ஊரில் இருப்பார்கள் என்று பார்த்து நாள் குறிக்க வேண்டும். விசைப்படகுக்காரர் ஒரு நாள் கடலிலும் ஒரு நாள் கரையிலும் இருப்பார், நாட்டுப்படகுக்காரருக்கு வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் சாட்சிகள் சுலபமாகக் கிடைப்பார்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் வலை பின்னிக்கொண்டே ஊர் முழுக்க ஒரே பேச்சாகப் பேசியிருக்கும், பத்துப் பேரின் ஞாபகம் ஒரே ஞாபகமாகிவிடும்.

"மாதா என்ன கலர்ல சேலை கட்டியிருந்தாக?" என்று ஆரம்பித்தால் அந்த வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். மாதாவும் சேலையும் கேட்டவர் வாயிலிருந்தே வந்துவிட்டன. "அன்னைக்கு விடியக்காலம் எந்திரிச்சதுலருந்து சொல்லுங்கக்கா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு தூரம், உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம், காற்று எந்தத் திசை, வாடையா கச்சானா, சாப்பிட்டீர்களா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா, கேள்விப்பட்ட வேறு காட்சிகள் எவை. மனநோய் தீரும் என்று ஆட்களைக் கூட்டிப்போகிற ஏர்வாடி தர்கா இருக்கிற மாவட்டம் இது. குடும்பம் ஏற்கெனவே அந்த ஆளைத் தர்காவுக்கோ மந்திரிக்கவோ கூட்டிப்போயிருக்கலாம். அதையும் கூச்சப்படாமல் கேட்டு எழுத வேண்டும். பிள்ளைகளிடம் என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரே தடவை, அரை மணிக்குள். மறுபடி மறுபடி கேட்டால் பிள்ளை 'முதலில் சொன்னது தப்பு போல' என்று நினைத்து மாற்றிச் சொல்லும்.

எழுதுகிறவர் செய்யும் பெரிய சேதம் ஒன்று உண்டு. "வெள்ளையா என்னமோ நின்னுச்சு" என்று ஒரு மீனவப் பெண் சொன்னதை "தூய கன்னிமரியாள் வெண்ணாடை அணிந்து காட்சியளித்தார்" என்று ஜெபப்புத்தக நடையில் எழுதிவிடுவார்கள், பக்தியால்தான். பிரான்சின் லூர்து நகரில் 1858 பிப்ரவரி 21 அன்று, காட்சி கண்டதாகச் சொன்ன பெர்னதெத்தைக் காவல் ஆணையர் ஜாக்கோமே விசாரித்தார். அந்த நாட்களில் அந்தப் பெண் தான் கண்டதை மாதா என்று சொல்லவில்லை, 'அது' என்றே தன் ஊர் வழக்கில் சொன்னாள். எழுதியதை ஜாக்கோமே மாற்றி மாற்றி வாசித்துக் காட்ட, அவள் ஒவ்வொரு இடத்திலும் திருத்தினாள். மாதாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற போலீஸ்காரர் எழுதிய குறிப்புகள் பின்னால் அவளுடைய நேர்மைக்குச் சான்றாகின. அங்கே ஆயர் குழு அமைத்தது 1858 ஜூலையில், தீர்ப்புச் சொன்னது 1862 ஜனவரி 18-ல். நான்கு வருடம் தாங்கும் கோப்புக்குப் பேச்சு வழக்கு அப்படியே வேண்டும், ஒலிப்பதிவோடு, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியதோடு.

சுரூபம் அழுகிற விஷயத்தில் இந்தக் கரையின் காற்றே முதல் சந்தேக நபர். 28 டிகிரி காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காடு இருந்தால், 25 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான பரப்பிலேயே பனி படியும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கனமான சுரூபம் காற்றை விட மூன்று டிகிரி குறைவாக இருந்தால் போதும், காலைப் பூசைக்குக் கதவு திறந்து கடற்காற்று உள்ளே வந்ததும் முகம் வியர்க்கும். கண்ணாடிப் பேழைக்குள் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதோடு கடல் உப்பு. சோற்றுப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடற்காற்றில் வரும் மக்னீசியம் உப்பு அதற்கு வெகு முன்பே கரையும். கன்னத்திலும் கண் குழியிலும் உப்பு படிந்த சுரூபம், மழையே இல்லாத நாளிலும் ஈரமாகும். நாக்கில் வைத்துப் பார்த்து "உப்புக் கரிக்குது, கண்ணீரேதான்" என்று ஊர் சொல்லும். இங்கே எதை நக்கினாலும் உப்புதான் கரிக்கும்.

சிவப்பு வழிந்தால் முதலில் கம்பியைத் தேட வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி வைத்து வார்த்த சிமென்ட் சுரூபத்தில் உப்புக்காற்று ஏறினால் கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்பூச்சு விரிசல் விட்டு, மழைக்குச் செம்பழுப்பாக ஒழுகும். ரத்தமா என்று பார்க்கும் முதல்கட்டச் சோதனைகள் சில உலோக உப்புகளுக்கும் பொய்யாக நிறம் காட்டக்கூடும், அதை வைத்து எதுவும் அறிவிக்கக் கூடாது. மனித ரத்தமே என்று ஆனாலும் அது யாருடையது என்பது அடுத்த கேள்வி.

எண்ணெய்க்கு வேறு கணக்கு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். வருடக்கணக்காக விளக்குக்கு ஊற்றிய தேங்காய் எண்ணெயும் மாலைப் பிசுக்கும் உறிஞ்சிய பிளாஸ்டர் சுரூபத்தின் அடியில் ஐம்பது மெழுகுவர்த்தி ஏற்றினால், உறிஞ்சியது வெளியே வரும். ஆய்வகத்தில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால் லாரிக் அமிலம் பாதிக்குப் பக்கமாக இருக்கும், தேங்காய் எண்ணெய் என்று தெரிந்துபோகும். திட்டமிட்ட மோசடி என்றால் உள்ளே கூடு, வெளியே நீர் புகாத பூச்சு, கண்ணில் மட்டும் சுரண்டல். அடியைத் திருப்பிப் பார்த்து ஓர் எக்ஸ்ரே எடுத்தால் போதும்.

மாதிரி எடுக்கும் முறையில் சிக்கனம் கூடாது. தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம். சுரூபத்தின் பக்கத்தில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி, ராத்திரி பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை குறிப்பு, குறைந்தது ஒரு வாரம். கிருமி நீக்கிய மூன்று பஞ்சுக்குச்சியில் மாதிரி, அதே பொட்டலத்திலிருந்து தொடாத குச்சி ஒன்று, அதே கோயிலில் அதே உயரத்தில் உள்ள வேறு சுரூபத்திலிருந்து ஒன்று, சுவரிலிருந்து ஒன்று. இந்தக் கடைசி மூன்றும் இல்லாததால்தான் ஆய்வக அறிக்கை பெரும்பாலும் எதற்கும் உதவாமல் போகிறது. எண்ணெய்க்குக் கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக் வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்திட்ட முத்திரை. பிறகு சுரூபத்தை வேறு அறைக்கு மாற்றி, இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். 1953-ல் சிசிலியின் சிராக்கூசாவில் பிளாஸ்டர் மாதா அழுதபோது, மறைமாவட்டத்தின் குழு வீட்டுக்கே போய்க் கண்ணெதிரே வழிந்த துளிகளைச் சேகரித்தது. மனிதக் கண்ணீரோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கை வந்தது, அதே வருட டிசம்பரில் சிசிலி ஆயர்கள் ஏற்றார்கள். நம் பக்கம் குழு வருவதற்குள் சுரூபம் துடைத்துச் சுத்தமாக இருக்கும். அருளானந்தர் ரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணை முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போகிற பழக்கம் ஊறிய மக்கள், பஞ்சில் ஒற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குற்றம் சொல்ல முடியாது. பங்குச் சாமியார் முதல் நாளே கயிறு கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சூரியனில் மாதா தெரிகிறாள் என்றால் விசாரணை பிறகு, ஒலிபெருக்கி முதலில். "யாரும் சூரியனைப் பார்க்காதீங்க, பிள்ளைகளைத் திருப்பி நிறுத்துங்க." 2008-ல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் இப்படிப் பார்த்த பலருக்கு விழித்திரை வெந்தது. விழித்திரைக்கு வலி தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நடுப்பார்வை மங்கும். எக்ஸ்ரே தகடு காக்காது. செல்போன் படத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழும் பச்சைப் புள்ளி லென்ஸுக்குள் பட்டுத் திரும்பிய ஒளி. போனைச் சாய்த்தால் அதுவும் நகரும்.

பணம் பற்றி ஒரே விதி: விசாரணை முடியும்வரை அந்த இடத்தில் உண்டியல் இல்லை, கெபி என்கிற மாதா குகை இல்லை, எண்ணெய்ப் பாட்டில் விற்பனை இல்லை. லாபம், அதிகாரம், புகழ் தேடுவது விதிமுறையிலேயே எதிர்மறை அடையாளம். கடலோரப் புறம்போக்கில் ராவோடு ராவாக எழுந்த கெபி தாசில்தாருக்கும் போலீசுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் வேறு வழக்காகிவிடும், காட்சி மறந்துபோகும்.

இனி விவாதம். புதிய முறையைக் குறை சொல்பவர்கள் இரண்டு திசையிலிருந்து வருகிறார்கள். லூர்தையும் 1930-ல் போர்த்துகலின் பாத்திமா காட்சியையும் ஆயர்கள் துணிந்து ஏற்றார்களே, இப்போது மட்டும் ஏன் நழுவல் என்பது ஒரு பக்கம். பொய்ச் செய்திகளுக்கும் 'தடையில்லை' கொடுத்துக் கதவு திறக்கிறார்கள் என்பது மறுபக்கம். 1950-க்குப் பிறகு ஆறு வழக்குகளுக்கு மேல் முறையாகத் தீர்க்கப்படவில்லை என்று விதிமுறையை வெளியிட்ட துறைத் தலைவர் கர்தினால் பெர்னாண்டஸ் அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். தீர்ந்தவையும் முட்டிக்கொண்டன. பிலிப்பைன்ஸின் லிப்பாவில் 1951-ல் ஆயர்கள் மறுத்ததை, 2015-ல் அங்குள்ள பேராயர் ஏற்க, மறு வருடமே ரோம் அதை ரத்து செய்தது. ஆம்ஸ்டர்டாமில் 2002-ல் ஆயர் ஏற்றார். ரோம் 1974-லேயே எடுத்திருந்த மறுப்பு முடிவு 2024 ஜூலையில்தான் முழுதாக வெளியே வந்தது. ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த ஒரு தாள், இடையில் எத்தனை பேரை அலைக்கழித்தது.

மெஜுகோரியேவுக்கு 2024 செப்டம்பர் 19-ல் 'தடையில்லை' கிடைத்தது. காட்சியாளர்களைச் சந்திக்கப் போகாதீர்கள், மாதாவிடம் போங்கள் என்று அதே குறிப்பு சொல்கிறது. இது நழுவல் என்று படவில்லை. கோப்பில் எதற்குச் சான்று இருக்கிறதோ அதை மட்டும் சொல்கிற நேர்மை. ஜெபிக்கிறார்கள், பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள் என்பதை எண்ணலாம், பார்க்கலாம். வானத்திலிருந்து வந்ததா என்பதை வாக்குமூலத்தால் நிரூபிக்க முடியாது. ஏற்கப்பட்ட காட்சியைக் கூட நம்ப வேண்டிய கடமை எந்தக் கத்தோலிக்கருக்கும் இல்லை என்பது பழைய போதனைதானே. வேளாங்கண்ணியைப் பாருங்கள். பால்காரப் பையன், மோர் விற்ற முடவன், போர்த்துகீசிய மாலுமிகள் எல்லாமே வாய்வழி மரபு. 1962-ல் பசிலிக்கா ஆனது. 2024 ஆகஸ்ட் 1-ல் அதே துறை தஞ்சை ஆயருக்கு எழுதிய கடிதம், பிற மதத்தார் வருவதையும் சேர்த்து, அங்கு விளையும் நன்மையைப் பாராட்டுகிறது.

முடிவு வந்தபின் அதை ஊருக்குச் சொல்வதும் வேலைதான், அதில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். 'தடையில்லை' என்பது கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் "போப்பாண்டவரே ஒத்துக்கிட்டார்" என்று மாறிவிடும். ஆகவே வாசிக்கும் தாளில் மூன்று வாக்கியம் வெளிப்படையாக வேண்டும்: இங்கே ஜெபிக்கலாம், இது இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று திருச்சபை சொல்லவில்லை, யாரும் நம்பியாக வேண்டும் என்று இல்லை. ஞாயிறு பூசையில் ஒரு தடவை வாசித்தால் கடலுக்குப் போனவர் காதில் விழாது. அடுத்த ஞாயிறும் வாசித்து, பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் சொல்லி, தாளை மீனவர் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். மறுப்பு என்றால் காட்சி கண்டவர் வீட்டுக்குச் சாமியார் முந்தின நாளே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் அதை ஒலிபெருக்கியில் முதல் தடவை கேட்டால், அடுத்த வாரமே ஊருக்குள் தனி ஜெபக்கூட்டம் தொடங்கிவிடும், அதற்கு இன்னொரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும்.